ஏழு நாள் அடிக்க வேண்டிய மாடி

"செவுத்தத் தட்டிப் பாக்கக் கூடாது. அது ஒண்ணு. இது நான் கட்டுன வீடுன்னு வாயத் தொறக்கக் கூடாது. அது ரெண்டு. மூணாவது..."

மூன்றாவதைச் சொல்வதற்குள் எக்செல் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பின்னால் உட்கார்ந்திருந்த சந்திரலேகா கணவனின் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மூணாவது என்ன?" என்றான் நாகநாதன்.

"பள்ளத்தப் பாத்து ஓட்டணும்."

அவன் கொத்தனார். அவள் கல்யாணமான மறுமாதத்திலிருந்து அவனுக்குச் சித்தாள். காரைக்குடியிலும் சுற்று வட்டாரத்திலும் அவன் கரண்டி பட்ட வீடுகள் நாற்பதுக்கு மேல் நிற்கின்றன. அவர்கள் குடியிருப்பது அமராவதிபுதூரில் ஒரு சிமெண்டு ஓட்டு வாடகை வீட்டில். சித்திரை மாதத்தில் அதற்குள் வடித்து வைத்த சோறு ஆறாது. மகள் மதுரையில் நர்சிங் முடித்து வேலைக்குப் போன பிறகுதான் சொந்த வீடு என்ற பேச்சே அவர்களுக்குள் வந்தது.

வந்த பேச்சு நேராக ஒரே வீட்டில் போய் நின்றது. கற்பக நகரில், பதினோரு வருடத்துக்கு முன் வெங்கட்ராமன் என்பவருக்கு நாகநாதன் கட்டிக்கொடுத்த மாடிவீடு. வெங்கட்ராமன் பிள்ளையார்பட்டிக்கு வருகிறவர்களுக்கு வேன் ஓட்டித் தொழில் செய்தவர். கொரோனாவில் நாலு வேனும் நின்ற இடத்திலேயே டயர் இறங்கின. தவணை நின்றது. பேங்க் வந்து நோட்டீஸ் ஒட்டி, பூட்டி, சீல் வைத்தது. அவர் மனைவியோடு கோயம்புத்தூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். மூன்று தடவை ஏலம் விட்டும் யாரும் கேட்கவில்லை. மூன்று வருடம் பூட்டிக் கிடந்த வீட்டில் சுவர் வெடித்து, கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்து, இருந்த வயரையும் மோட்டாரையும் எவனோ கழற்றிக்கொண்டு போயிருந்தால் யார் கேட்பார்கள்?

கடைசியில் நேரடியாகவே விற்கிறோம் என்று பேங்க் இறங்கி வந்தது. விலை முப்பத்தோரு லட்சத்து அறுபதாயிரம். சேமிப்பு, சீட்டுப் பணம், புதிதாகக் கிடைக்கப்போகும் கடன் எல்லாம் சேர்த்தால் இவர்களிடம் இருபத்தொன்பது லட்சம். சந்திரலேகா மேலிருந்து கீழே கூட்டிப் பார்த்தாள், கீழிருந்து மேலே கூட்டிப் பார்த்தாள், ஒரு ரூபாய் கூடவில்லை. மீதி இரண்டு லட்சத்து அறுபதாயிரம் ரிப்பேரில்தான் குறைய வேண்டும். ரிப்பேர் செய்ய பேங்க் காசு தராது. ஆனால் பேங்க் அனுப்பும் இன்ஜினியர் வந்து பார்த்து, இன்னின்ன குறைக்கு இவ்வளவு ஆகும் என்று எழுதிக்கொடுத்தால், அதை விலையில் கழிக்கச் சொல்லி மேலே எழுதலாம் என்று அதிகாரி சாலா சொல்லியிருந்தார். அந்தப் பார்வைதான் இன்றைக்கு. இன்றைக்குத் தீரவில்லை என்றால் அடுத்த வாரம் நாலாவது ஏலத்துக்கு வீடு போய்விடும்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலிக்கு வெளியே நின்றும், ஜன்னல் வழியாக எட்டியும் பார்த்து, சந்திரலேகா ஒரு நாற்பது பக்க நோட்டில் பதினாலு குறை எழுதி வைத்திருந்தாள். நோட்டு இப்போது அவள் இடுப்பில் செருகியிருந்தது.

வீட்டு வாசலில் கார் நின்றது. சாலாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். குடை பிடித்திருந்தார். பக்கத்தில் இன்ஜினியர் வள்ளியப்பன், அறுபதைத் தாண்டியவர், கையில் டேப்பும் சின்னச் சுத்தியலும்.

"ஒண்ணு முன்னாடியே சொல்லிர்றேன்," என்றார் சாலா, சீலைப் பிரித்துப் பூட்டைத் திறந்தபடி. "வீடு உள்ளது உள்ளபடிதான். நாளைக்கு வந்து குழாய் ஒழுகுது, கதவு எறங்கிருச்சுன்னு பேங்க்ல நிக்கக் கூடாது. இன்னிக்கு சார் எழுதறதுதான் எழுத்து."

"நாங்க எதுக்கு மேடம் வந்து நிக்கிறோம்? எழுதறத இன்னிக்கே தாராளமா எழுதிருங்க," என்றாள் சந்திரலேகா.

உள்ளே வவ்வால் நாற்றம். முதல் நாலைந்து குறைகளுக்குப் பேச்சே தேவைப்படவில்லை. சுவரில் சுவிட்சு இருந்த இடமெல்லாம் குழி. மோட்டார் இருந்த மேடையில் நாலு போல்ட்டு மட்டும் நின்றது. கழிப்பறைக் கோப்பை இரண்டு துண்டு. வள்ளியப்பன் வாயை மூடிக்கொண்டு எழுதினார். எல்லாம் சேர்ந்து ஒரு லட்சத்து ஐயாயிரம். இன்னும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வேண்டும்.

"இங்குட்டு வாங்க சார். செவுத்தப் பாருங்க," என்று ஹாலுக்குக் கூட்டிப் போனாள் சந்திரலேகா. கூரையிலிருந்து ஜன்னல் மூலை வரைக்கும் வெடிப்பு ஓடியிருந்தது. "வெரலு போகுது சார்."

வள்ளியப்பன் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "அஸ்திவாரம் எறங்குன வெடிப்பா இருந்தா அம்பதாயிரம் போடலாம்."

"அஸ்திவாரந்தான் சார். செவுரே சாஞ்சிருக்குல்ல? தலையச் சாச்சுப் பாருங்க, தெரியும்."

தலையைச் சாய்த்துப் பார்த்தால் எந்தச் சுவரும் சாய்ந்துதான் தெரியும். ஆனாலும் வள்ளியப்பன் சாய்த்துப் பார்த்தார். நாகநாதன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"அஸ்திவாரமா?" என்றான்.

சந்திரலேகா திரும்பிப் பார்த்தாள்.

"இல்ல, சும்மா கேட்டேன். அஞ்சடி தோண்டி ஒடைச்ச கருங்கல்லு போட்டு எழுப்புன அஸ்திவாரம் எங்குட்டு சார் எறங்கும்? அது பூச்சு வெடிப்பு. தண்ணி பத்தாம காஞ்சா வரும். உள்ள செங்கல்லு அசையவே இல்ல." கை தானாக முன்னால் வந்து சுவரைத் தட்டியது. டண், டண் என்று சத்தம் வந்தது. "கேட்டீகளா?"

வள்ளியப்பன் சுத்தியலால் தானும் தட்டிப் பார்த்தார். "ஆமா. பூச்சுதான்." எழுத இருந்த ஐம்பதாயிரத்தை விட்டு மூவாயிரம் என்று போடப் போனவர், "வெள்ளையடிக்கிறப்ப சேத்து அடைச்சுக்கலாம்," என்று அதையும் விட்டுவிட்டார். "ஆமா, அஞ்சடின்னு உங்களுக்கு எப்புடித் தெரியும்?"

"பாத்தா தெரியாதா சார்?"

ஒன்றாவது கட்டளை அங்கேயே போயிற்று. சன்ஷேடு தொங்குகிறது என்று அவள் சொன்னாள். அதற்குள் பத்து எம்எம் கம்பி ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக ஓடுகிறது, யானை ஏறி நின்றாலும் தொங்காது என்று அவன் சொன்னான். நிலைக்கதவு வளைந்துவிட்டது என்று அவள் சொன்னாள். அது மண் சேர்ந்து இறுகியிருக்கிறது என்று ஒரு உதை விட்டுத் திறந்து காட்டினான். அவள் நோட்டில் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்துக்கொண்டே வந்தாள். வைக்கிற புள்ளி வரவரப் பெரிதாகி, பேனா தாளைக் கிழித்தது.

வெளிப்பக்க மாடிப்படிக்கு வந்தார்கள். வள்ளியப்பன் டேப்பை நீட்டி ஒவ்வொரு படியாக அளந்தார். மேலே போய்த் திரும்பி வந்து மறுபடி அளந்தார்.

"பதினெட்டுப் படி. ஒரு நூலு வித்தியாசம் இல்ல," என்றார். "நாப்பது வருசம் பார்த்துட்டேன் சாலாம்மா, கடைசிப் படியில எல்லாரும் கோட்ட விட்டுருவான். எவன் கட்டுனானோ, அவன் கையக் கழுவித்தான் தண்ணி குடிக்கணும்."

சந்திரலேகா கண்ணை மூடிக்கொண்டாள்.

"நாந்தான் சார்," என்றான் நாகநாதன்.

சாலா குடையை மடக்கினார். "நீங்களா? இந்த வீடு நீங்க கட்டுனதா? உங்க வீட்டுக்காரம்மா இத்தன நேரம் ஒரு வார்த்த சொல்லலையே!"

"அவளும்தான் மேடம் கட்டுனா. மண்ணு சுமந்தது பூராம் அவதான்."

"நல்ல கதையா இருக்கே," என்று சாலா சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "ஆனா பாருங்க, கட்டுன கொத்தனாரே ஒரு குறையும் இல்லைங்கிறாரு. நான் என்னன்னு மேல எழுதுவேன்? ஒரு லட்சத்து அஞ்சாயிரந்தான் இப்ப கணக்குல நிக்குது."

"ரெண்டு நிமிசம் மேடம்," என்று சொல்லி, சந்திரலேகா அவனைக் கொல்லைப்பக்கம் கிணற்றடிக்குக் கூட்டிப்போனாள். கூட்டிப்போனாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"என்ன மனுசன் நீங்க? வாங்க வந்தீகளா, விக்க வந்தீகளா?"

"அஸ்திவாரம் எறங்கிருச்சுங்கிற. நாளைக்கி ஊர்ல எவனாச்சும் கேட்டா..."

"ஊர்ல எவன் கேக்குறான்? ஓட்டுக்குள்ள வெந்து சாகுறது நானா ஊரா?"

"இல்ல லேகா, அவரு அம்பதாயிரம் எழுதப் பாத்தாரு. என் கண்ணு முன்னாடி. வெறும் பூச்சு வெடிப்புக்கு."

"எழுதட்டுமே! அதுக்குத்தான வந்துருக்கோம்!" குரல் உயர்ந்ததும் வீட்டுப் பக்கம் பார்த்துவிட்டுத் தணித்துக்கொண்டாள். "அன்னைக்கி காங்கிரீட்டு போடயில இந்த மாடிக்கு எத்தன சட்டி ஏத்துனேன்னு என் கழுத்துக்குத் தெரியும். எனக்கு மட்டும் கேவலமா பேச ஆசையா? படி நல்ல படி. போதுமா? நானே சொல்றேன், நல்ல படி. ஆனா அந்தப் படியில நாம ஏறணும்னா இன்னும் ஒன்றரை லச்சத்துக்கு மேல கொறையணும். இனிமே வாயத் தொறந்தீக, இந்தக் கெணத்துல தள்ளிட்டு நான் மட்டும் குடி வந்துருவேன்."

"தொறக்கல."

"சத்தியமா?"

"உன் மேல."

"என் மேல வேணாம். கரண்டி மேல பண்ணுங்க."

அவன் சிரித்தான். அவளுக்கும் உதட்டோரம் லேசாக இளகியது. ஆனால் இடுப்பு நோட்டை எடுத்து எண்ணியபோது அந்த இளக்கம் போய்விட்டது. பதினாலில் பதிமூன்று முடிந்திருந்தன.

மிஞ்சியது சமையலறையில் உடைந்த ஜன்னல் கண்ணாடி. அதற்கு ஐந்நூறு ரூபாய்கூடத் தேறாது. ஆனால் உள்ளே நுழைந்ததும் வள்ளியப்பன் கண்ணாடியைப் பார்க்கவில்லை. சமையல் மேடையைப் பார்த்தார். டேப்பை வைத்தார்.

"ரெண்டு அடி ஆறு அங்குலம். என்ன இது, இம்புட்டுத் தாழ்வா இருக்கு?" என்றார். "மூணு அங்குலம் கொறையுது. சாலாம்மா, இங்க வந்து நில்லுங்க. பாருங்க, குனிய வேண்டியிருக்கா? இத இடிச்சுட்டு, கல்லு மாத்தி, சிங்க் லைன் எல்லாம் தூக்கணும். நாப்பதாயிரம் ஆகும். எழுதிர்றேன்."

நாகநாதன் வாயைத் திறக்கவில்லை. கரண்டி மேல் செய்த சத்தியம்.

"அத இடிக்க வேணாம் சார்," என்றாள் சந்திரலேகா.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"அது... சரியாத்தான் சார் இருக்கு."

"தாழ்வும்மா."

"எனக்குத் தாழ்வா இல்ல." அவள் மேடைக்கு முன்னால் போய் நின்றாள். உள்ளங்கை இரண்டும் கருப்புக் கல்லின் மேல் தானாகப் படிந்தன. முழங்கை மடங்க வேண்டிய அளவுக்கு மடங்கியது. குள்ளமான பொம்பளை. அவள் வேலை பார்த்த எந்த வீட்டிலும் மேடை அவள் நெஞ்சுக்கு வரும். இந்த வீட்டு மேடை கட்டும்போது வெங்கட்ராமனின் மனைவி ஊரில் இல்லை. "ஆச்சி உன் ஒசரந்தான், வந்து நில்லு," என்று நாகநாதன் இவளைக் கூப்பிட்டு நிறுத்தி, கை விழுந்த இடத்தில் செங்கல் துண்டால் கோடு இழுத்தான். அந்தக் கோட்டில் மேடை வந்தது. அன்று சாயங்காலம் யாரும் இல்லாத நேரத்தில் அவள் ஒரு தடவை மேடை முன்னால் நின்று வெறுங்கையால் வெங்காயம் நறுக்குவது மாதிரி செய்து பார்த்தாள். யாரிடமும் சொன்னதில்லை.

"அப்ப எழுத வேண்டாமா?" என்றார் வள்ளியப்பன், பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. "நாப்பதாயிரம்மா."

"வேணாம் சார். எழுதுனா இடிக்கச் சொல்லுவீக."

"இடிச்சீங்களா இல்லையான்னு நாங்க வந்து பாக்கப் போறமா?" என்று சாலா மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

அவள் கையை எடுக்காமலே வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நாகநாதன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கொல்லையில் வாங்கிய ஏச்சை இப்போது அப்படியே திருப்பிக் கொடுக்கலாம். அவனுக்குத் தோன்றவில்லை. வேறொன்று தோன்றியது.

"அந்த நோட்டக் குடு," என்றான்.

கொடுத்தாள். அவன் ஒன்றிலிருந்து பதினாலு வரைக்கும் விரல் வைத்துப் படித்தான். வயர் இருந்தது, மோட்டார் இருந்தது, கண்ணாடி இருந்தது. ஜன்னல் கொக்கிகூட இருந்தது. மாடித்தளம் இல்லை.

அவளுக்குத் தெரியாமல் விட்டுப்போகவில்லை. இந்த வீட்டில் அவளுக்குத் தெரியாத செங்கல் கிடையாது.

"சார், மாடிக்கி வாங்க. ஒண்ணு காட்டணும்," என்றான்.

"அங்க ஒண்ணும் இல்லங்க," என்றாள் சந்திரலேகா அவசரமாக. "வெயிலு சார். அரசங்கன்னு தான் இருக்கு, அத நானே புடுங்கிருவேன்."

"நீ சும்மா இரு."

மாடியில் வெயில் கொதித்தது. சிவப்புத் தட்டை ஓடு வரிசையாகப் பதிந்திருந்தது, பார்க்க ஒரு குறையும் தெரியவில்லை. வள்ளியப்பன் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "தண்ணி வடிய வாட்டம் நல்லாத்தான் குடுத்திருக்கீங்க," என்றார்.

"வாட்டம் நல்லாருக்கும் சார். இங்க மிதிங்க."

கிழக்கு மூலையில் குதிகாலால் ஓங்கி மிதித்தான். சத்தம் பொத்தென்று வந்தது. நாலடி தள்ளி மிதித்தான். அங்கும் பொத்தென்றது. வள்ளியப்பன் குனிந்து சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். பாதி மாடி அப்படித்தான் பேசியது.

"ஓட்டுக்கு அடியில சுண்ணாம்பு ஜல்லி போட்டா ஏழு நாளு கட்டையால அடிக்கணும்," என்றான் நாகநாதன். சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை, காலடியில் ஓட்டையே பார்த்தான். "கட்ட தானா எகிறுற வரைக்கும் அடிக்கணும். அப்பத்தான் எறுகும். தண்ணி எறங்காது. நான் மூணு நாளுதான் அடிச்சேன்."

"ஏன்?" என்றார் சாலா.

"திருப்பத்தூர்ல ஒரு வேல வந்துச்சு மேடம். பெரிய வேல. அட்வான்ஸ் வாங்கிட்டேன். நாலாம் நாளு அங்க போயி நிக்கலைன்னா வேற ஆளுக்குப் போயிரும். இவ சொன்னா, இன்னும் எறுகலைன்னு. அடிச்சிக்கிட்டு இருந்தவளுக்குத் தெரியாதா? நான் ஒரு சத்தம் போட்டேன், கொத்தனாரு நீயா நானான்னு. மறுநாளு ஓட்ட ஒட்டி மூடிட்டேன். மேல பாக்குறவனுக்கு ஒண்ணும் தெரியாது. கீழ கெழக்கு ரூம்ல ஒழுகும். ஒழுகாம இருக்காது."



"சும்மா விலை கொறைக்கச் சொல்றீங்களோ?" என்றார் வள்ளியப்பன். அவர் கேட்டதில் தப்பில்லை. இவ்வளவு நேரம் யானை ஏறினாலும் தாங்கும் என்று பேசிய ஆள்.

அப்போதுதான் கவனித்தார்கள். சந்திரலேகா மாடியில் இல்லை. ஐந்து நிமிடத்தில் எதிர்வீட்டுக் குழாயில் பிடித்த தண்ணீரோடு படியேறி வந்தாள். தலையில் சும்மாடு, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் குடம், இடுப்பில் இன்னொன்று. யாரும் அவளைக் கேட்கவில்லை. கொண்டுவந்த தண்ணீரைக் கிழக்கு மூலையில் ஊற்றினாள். மறுபடி இறங்கினாள். எட்டுக் குடம் கொண்டுவந்தாள். கடைசிக் குடத்தை நாகநாதன் வாங்கி ஊற்றினான். ஓட்டின் இடுக்கில் தண்ணீர் குமிழி விட்டுக்கொண்டே இறங்கியது.

சாலா கீழே கிழக்கு அறையில் போய் நின்றார். மற்ற மூவரும் படி நிழலில் உட்கார்ந்தார்கள். சந்திரலேகா கொண்டுவந்திருந்த பிளாஸ்கில் இருந்து டீ ஊற்றினாள். வள்ளியப்பன் குடித்தார், நாகநாதன் குடிக்கவில்லை. அரை மணி நேரம் போயிருக்கும்.

"வருது!" என்று கீழேயிருந்து சாலா கத்தினார். "சார், வருது! சொட்டு சொட்டா வருது! இன்னொரு எடத்துலயும் வருது!" வீடு ஒழுகுவதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட பேங்க் அதிகாரியை அவர்கள் பார்த்ததில்லை.

வள்ளியப்பன் எழுந்து பேண்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார். "மொத்த ஓட்டையும் பேத்தெடுத்துட்டு மறுபடி போடணும். ஒரு லட்சத்து அறுபதுக்குக் கொறையாது." எழுதினார். எழுதிவிட்டு நாகநாதனைப் பார்த்தார். "நாப்பது வருசத்துல தன் வேலையத் தானே குத்தம் சொன்ன ஆள நான் பாத்ததில்ல."

"அந்த மேடைய இவ விட்டுக்குடுத்திருந்தா நானும் சொல்லிருக்க மாட்டேன் சார்," என்றான் நாகநாதன்.

இரண்டு லட்சத்து அறுபத்தையாயிரம். சந்திரலேகா மனசுக்குள் கழித்தாள். இருபத்தொன்பதுக்கு ஐயாயிரம் குறைவாகவே வந்தது. இரண்டாவது தடவை கழித்தாள். அதேதான்.

"இன்னும் முடியல," என்றார் சாலா. "ஏலம் இல்லாம நேரா விக்கிறதுக்குக் கடன் வாங்குன வெங்கட்ராமன் சம்மதம் எழுத்துல வேணும். விலை கொறைஞ்சா அவர் கடன்ல அம்புட்டு கொறைவாத்தான் அடையும். அவர் மாட்டேன்னா ஏலந்தான்."

அங்கேயே போன் போட்டார். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். கோயம்புத்தூரில் மணி அடித்து, வெங்கட்ராமன் எடுத்தார். சாலா விலையைச் சொன்னார், கழிவைச் சொன்னார், காரணத்தைச் சொன்னார். அவர் கேட்டது ஒன்றுதான்.

"வாங்குறது யாரு?"

"நாகநாதன்னு. வீட்டக் கட்டுனவராம்."

"நாகநாதனா? போனக் குடுங்க." ஸ்பீக்கர் என்பது அவருக்குத் தெரியாது. "யேய், நாகநாதா. நல்லாருக்கியா?"

"இருக்கேன் ஐயா." அவன் போனுக்கு முன்னால் நேராக நின்றான். "ஐயா, மாடித்தளம்... அது வந்து, நான் அப்ப..."

"ஒழுகும். தெரியும்."

நாகநாதன் போனுக்குப் பக்கத்தில் குனிந்தான்.

"பால் காச்சுன வருசமே, மொத மழையில ஒழுகிருச்சு."

"ஏன் ஐயா சொல்லல? ஒரு ஆள் விட்டிருந்தா வந்து செஞ்சு குடுத்திருப்பேனே!"

"எப்புடிடா சொல்றது? மாசத்துக்கு ஒருத்தனக் கூட்டியாந்து படியக் காட்டுவ. ‘ஐயா கோச்சுக்காதீக, இவருக்கு ஒரு தடவ படிய மட்டும் காட்டிட்டுப் போயிர்றேன்’ம்ப. அப்ப போயி ஒழுகுதுன்னா உன் மூஞ்சி என்ன ஆகும்? ஒரு வாளி வச்சோம். மழ விட்டா எடுத்து ஊத்துனோம். அது பெருசில்ல. ஆச்சிக்குத்தான் உன் மேல கோவம். அந்தச் சமையல் மேடை. எட்டு வருசமா குனிஞ்சே சமைச்சு இடுப்பு போச்சுங்கிறா. அவ என்னவிட அரையடி கொறைவு, அம்புட்டுத்தான். நீ எவ ஒசரத்துக்கு அதக் கட்டுனியோ!"

சாலா வாயைப் பொத்திக்கொண்டார். வள்ளியப்பன் திரும்பி நின்று அரசங்கன்றைப் பார்த்தார். நாகநாதனின் முகம் காது மடல் வரைக்கும் கருத்துச் சிவந்தது.

"சரி, மேடத்துகிட்டக் குடு," என்றார் வெங்கட்ராமன். அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "முப்பத்தொண்ணுக்குப் போனாலும் இருபத்தெட்டுக்குப் போனாலும் என் கைக்கு ஒண்ணும் வரப்போறதில்ல மேடம். மிச்சக் கடன நான் உங்ககிட்ட தனியா பேசிக்கிறேன். பேப்பர அனுப்புங்க, கையெழுத்துப் போட்டுத் தாரேன். அந்த ஓட்ட மட்டும் ஒழுங்கா போடச் சொல்லுங்க அவன."

கார் போன பிறகு வீட்டு வாசலில் இருவரும் நின்றார்கள். வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் நாகநாதன் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஆச்சி என் ஒசரமா?" என்றாள் சந்திரலேகா.

"தூரத்துல இருந்து பாத்தா அப்புடித்தான் இருந்துச்சு."

"ஆச்சிக்கு நான் தோளுக்கு வருவேன்."

"கட்டிக்கிட்டு இருந்த வேலையில யாரு அளந்தா?"

"படிய மட்டும் ஒரு நூலு பெசகாம அளப்பீக."

அவன் சாவியை வண்டியில் போட்டான். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வரும்போது சட்டையைப் பிடித்திருந்தவள், இப்போது தோளில் கை வைத்தாள்.

"அந்த ஆச்சி இடுப்ப ஒடச்சிட்டீகளே, பாவி மனுசா," என்றாள். "பால் காச்ச அவுகளத்தான் மொதல்ல கூப்புடணும். உக்கார வச்சு நான் சமைச்சுப் போடுறேன்."

மேலிடத்து உத்தரவு வர ஆறு வாரம் ஆனது. பத்திரச் செலவுக்குச் சந்திரலேகாவின் சங்கிலி போனது. பதிவு முடிந்த மறுநாளே ஓட்டைப் பெயர்த்தார்கள். அடியில் இருந்த ஜல்லி விரலால் கிள்ளினால் உதிர்ந்தது. நாகநாதன் ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு கீழே போட்டான். புதுச் செங்கல் ஜல்லி, புதுச் சுண்ணாம்பு. கூலிக்கு நாலு பெண்கள், ஐந்தாவதாக சந்திரலேகா. வரிசையாகக் குத்தவைத்து, கையில் மரக்கட்டையோடு அடித்தார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளிக்கத் தெளிக்க, டொக் டொக் என்று தெருமுனை வரைக்கும் கேட்டது.

ஐந்தாம் நாள் மத்தியானம் நாகநாதன் மாடியைச் சுற்றி வந்தான். ஒரு கட்டையை வாங்கி அடித்துப் பார்த்தான். எகிறியது. இன்னொரு இடத்தில் அடித்தான். அங்கும் எகிறியது.

"எறுகிருச்சு லேகா. போதும். நாளைக்கி ஓடு ஒட்ட ஆரம்பிச்சுரலாம்."

சந்திரலேகா அடிப்பதை நிறுத்தவில்லை. "ஏன், திருப்பத்தூர்ல எதுவும் வேல வந்திருக்கோ?"

மற்ற நாலு பெண்களும் கட்டையை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். நாகநாதனும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக.

"எகிறுதுடி. நீயே பாரு. கொத்தனாரு சொல்றேன்ல."

"கொத்தனாரு சொல்றீக. வீட்டுக்காரி சொல்றேன், இன்னும் ரெண்டு நாளு இருக்கு. நின்னுக்கிட்டு இருக்குற கூலிக்கு இங்க வந்து உக்காந்து அடிங்க."

அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவளுக்கும் பக்கத்துப் பெண்ணுக்கும் நடுவில் இடம் பிடித்துக் குத்தவைத்தான். முதல் நாலு அடி தாளம் சேரவில்லை.

"என் கையப் பாத்து அடிங்க," என்றாள் அவள்.